எதை அளந்தார்கள்? நிலவியல், சுற்றுச்சூழல் ஆய்வுகள் குறித்துக் கேள்வி பதில்

கடந்த சில ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளிவந்த புவியியல், நிலவியல், சுற்றுச்சூழல் ஆய்வுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். செய்தித் தலைப்பை ஓரமாக வைத்துவிட்டு, ஆய்வாளர்கள் உண்மையில் எதை அளந்தார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மீனாட்சி: ஐயா, 2023-ல் பூமி ஒன்பது நாள் விடாமல் அதிர்ந்ததாகப் படித்தேன். அப்படியானால் நாம் யாருமே ஏன் உணரவில்லை?

நடந்தது உண்மைதான். 2023 செப்டம்பர் 16 அன்று உலகெங்கும் உள்ள நிலநடுக்கமானிகளில் விசித்திரமான ஓர் அலை பதிவானது. சாதாரண நிலநடுக்கத்தின் பதிவில் பல அதிர்வெண்கள் கலந்து கிடக்கும்; சில நிமிடங்களிலோ மணி நேரங்களிலோ அடங்கிவிடும். இதிலோ ஒரே அதிர்வெண், ஏறத்தாழ 92 விநாடிக்கு ஒரு அலைவு, ஒன்பது நாள்களுக்கு. அலைவு அவ்வளவு மெதுவாகவும் நுண்மையாகவும் இருந்ததால் மனித உடலால் அதை உணர முடியாது. கருவிகள் மட்டும் கண்டுகொண்டன. என்னவென்று புரியாததால் 'அடையாளம் தெரியாத அதிர்வுப் பொருள்' என்றே ஆய்வாளர்கள் முதலில் குறித்துவைத்தார்கள்.

15 நாடுகளைச் சேர்ந்த 68 ஆய்வாளர்கள் ஒரு வருடம் உழைத்து விடையைக் கண்டார்கள். கிழக்கு கிரீன்லாந்தில் டிக்சன் ஃபியோர்டு என்ற இடம் இருக்கிறது. செங்குத்தான மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்த குறுகிய நீர்வழி அது. அங்கே 1.2 கிலோமீட்டர் உயரமுள்ள ஒரு சிகரத்தின் அடிவாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்த பனியாறு பல ஆண்டுகளாக மெலிந்துவந்தது. தாங்கல் போனதும் மலை சரிந்தது. சுமார் 250 லட்சம் கன மீட்டர் பாறையும் பனியும் நீரில் விழ, 200 மீட்டர் உயரத்துக்கு அலை எழும்பியது. தொட்டித் தண்ணீரை ஒரு பக்கம் தள்ளிவிட்டால் அது இரு சுவர்களுக்கும் நடுவே போய்ப்போய் வருவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் அதுவே நடந்தது. நீர்வழியின் ஒரு முனையைப் பனியாறு அடைத்திருந்தது. மறுமுனைப் பக்கம் கூர்மையான வளைவு. ஆற்றல் வெளியேற வழியில்லாமல் நீர் ஒன்பது நாள் ஊசலாடியது. அந்த ஊசலாட்டத்தின் எடைதான் பூமியின் மேலோட்டை மெல்ல அழுத்தி அழுத்தி விட்டது.

ஜோசப்: அதை யாரும் நேரில் பார்க்கவில்லையே. அப்படியென்றால் கணினியில் போட்ட கணக்கு மட்டும்தானா?

2024-ல் முதல் கட்டுரை வந்தபோது உங்கள் கேள்வியில் ஓரளவு நியாயம் இருந்தது. நிலச்சரிவுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் இருந்தன; சரிந்த இடமும் அலை ஏறிய தடமும் தெரிந்தன. ஆனால் நீர் ஊசலாடியதை யாரும் கண்டதில்லை. சம்பவம் நடந்து சில நாள்களில் அவ்வழியே போன டேனிஷ் ராணுவக் கப்பல்கூட எதையும் கவனிக்கவில்லை. அந்தக் குறையை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகக் குழு 2025-ல் தீர்த்துவைத்தது. 2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் என்ற செயற்கைக்கோள் நீர்ப்பரப்பின் உயரத்தை ஒரு கோடாக அல்லாமல் அகன்ற பட்டையாக அளக்கிறது. அதன் பதிவுகளில் நீர்வழியின் குறுக்கே நீர்மட்டம் ஒரு கரையில் உயர்ந்தும் மறுகரையில் தாழ்ந்தும், 2 மீட்டர் வரை வித்தியாசத்தோடு தெரிந்தது. வெவ்வேறு நேரத்துப் பதிவுகளில் நீர்மட்டத்தின் சாய்வு எதிரெதிர்த் திசையில் இருந்தது. ஊகமாக இருந்தது அளவீடாகிவிட்டது. அண்மைக் காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு எதுவென்றால் இதைத்தான் சொல்வேன்.

கதிரவன்: நிலநடுக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே அறிகுறி தெரியும் என்று 2023-ல் பெரிய செய்தி வந்தது. பிறகு சத்தமே இல்லை. மறைக்கிறார்களா சார்?

யாரும் மறைக்கவில்லை. நடந்ததை முழுக்கச் சொல்கிறேன், ஏனென்றால் அறிவியல் எப்படித் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

பிரான்சின் கோத் தசூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிளெட்டரி, நோக்கே என்ற இருவர், 7 அல்லது அதற்கு மேற்பட்ட அளவுடைய 90 நிலநடுக்கங்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றைச் சுற்றியிருந்த 3,000-க்கும் மேற்பட்ட ஜிபிஎஸ் பதிவுகளை ஒன்றாக அடுக்கிக் கூட்டினார்கள். ஒவ்வொரு பதிவிலும் தனியாக ஒன்றும் தெரியாது. கூட்டினால், அதிர்வுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் நிலநடுக்கம் உண்டாகும் நிலப்பிளவு மெல்ல நழுவி வேகமெடுப்பது போல ஒரு கோடு மேலே ஏறியது. தனியொரு நிலநடுக்கத்தில் இதைக் காணும் அளவுக்கு இன்றைய கருவிகள் நுட்பமானவை அல்ல என்று கட்டுரையிலேயே அவர்கள் சொல்லியிருந்தார்கள். செய்திகளில் அந்த வரிதான் விடுபட்டது.

தரவு பொதுவெளியில் இருந்தது. ஜூடித் ஹப்பார்டு, கைல் பிராட்லி என்ற இரு நிலவியலாளர்கள் அதை எடுத்து மறுபடி கணக்கிட்டார்கள். ஜிபிஎஸ் பதிவுகளில் பொதுப் பிழை என்று ஒன்று உண்டு. செயற்கைக்கோளின் பாதையிலோ வளிமண்டலத்திலோ ஏற்படும் சிறு கோளாறு ஒரு வட்டாரத்தின் எல்லா நிலையங்களையும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் நகர்ந்ததாகக் காட்டும். பிளவுக்கு அருகில் உள்ள நிலையமும் வெகு தொலைவில் உள்ள நிலையமும் ஒரேபோல் நகர்ந்தால் அது நிலத்தின் நகர்வாக இருக்க முடியாது. அந்தப் பொதுப் பிழையைக் கழித்ததும் இரண்டு மணி நேர ஏற்றம் காணாமல் போயிற்று.

ஆகவே இன்றைய நிலையில் நிலநடுக்கத்தை நாள், நேரம் சொல்லி முன்கூட்டி அறிவிக்கும் முறை எதுவும் இல்லை. சில நாடுகளில் இயங்கும் முன்னெச்சரிக்கை வேறு. அங்கே நிலநடுக்கம் தொடங்கிவிட்ட பிறகு, வேகமாக வரும் முதல் அலையைப் பிடித்து, அழிவு செய்யும் மெதுவான அலை வருவதற்குள் சில விநாடிகள் கிடைக்கச் செய்கிறார்கள். அந்த விநாடிகளில் ரயிலை நிறுத்தலாம், மேசைக்கு அடியில் போகலாம். உயிர்களைக் காப்பது இன்று அதுதான்.

ஷாகுல்: நிலத்தடி நீரை உறிஞ்சியதால் பூமியின் அச்சே சாய்ந்துவிட்டதாமே! பருவகாலம் மாறுமா?

மாறாது. பயப்பட வேண்டாம். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் கி-வியோன் சியோ குழு 2023-ல் வெளியிட்ட ஆய்வு இது. 1993 முதல் 2010 வரை 2,150 ஜிகா டன் நிலத்தடி நீர் இறைக்கப்பட்டது என்பது ஒரு மதிப்பீடு. இறைத்த நீர் கடைசியில் கடலுக்குத்தான் போகும். இவ்வளவு எடை இடம் மாறினால் சுழலும் பூமியின் துருவப் புள்ளி, அதாவது சுழல் அச்சு தரையைத் தொடும் இடம், நகர வேண்டும். அளந்த நகர்வைக் கணிப்போடு ஒப்பிட்டபோது, பனி உருகலை மட்டும் சேர்த்தால் பொருந்தவில்லை. நிலத்தடி நீரையும் சேர்த்ததும் பொருந்தியது. அதன் பங்கு ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். துருவப் புள்ளி இயல்பாகவே ஒரு வருடத்துக்குள் சில மீட்டர் அலைந்து திரும்புகிறது. அதோடு பார்த்தால் இது சிறிது.

செய்திகள் அச்சைப் பிடித்துக்கொண்டன. எனக்கு முக்கியமாகப் படுவது, நாம் இறைத்த அளவுக்கு ஒரு சுதந்திரமான சாட்சி கிடைத்திருப்பதே. அந்த நீர் கடல் மட்டத்தை 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உயர்த்தியிருக்கிறது என்பதும் அதனால் உறுதிப்படுகிறது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு கிணற்றின் சிக்கலாகத் தெரிவது, கூட்டிப் பார்த்தால் கடலின் கணக்கில் வருகிறது.

தமிழ்ச்செல்வி: இறங்கிய நீர்மட்டம் திரும்ப ஏறவே ஏறாதா? எல்லாமே இருட்டாக இருக்கிறதே.

ஏறியிருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த ஜசெக்கோ, பெரோன் குழுவினர் 2024-ல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படியுங்கள். 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் 1,70,000 கிணறுகளின் பதிவுகளை, 1,693 நீர்த்தாங்கிகளாக, அதாவது நிலத்தடியில் நீரைத் தேக்கிவைக்கும் அடுக்குகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். கிணற்றுக்குள் நேரடியாக அளந்த எண்கள் இவை. செயற்கைக்கோளிலிருந்து ஊகித்தவை அல்ல. 30 சதவீத நீர்த்தாங்கிகளில் கடந்த நாற்பது ஆண்டுகளில் இறக்கம் வேகமெடுத்திருந்தது. பயிர் அதிகம் விளையும் வறண்ட பகுதிகளில் நிலைமை மோசம்.

அதே ஆய்வில் சில இடங்களில் இறக்கம் குறைந்தும், சில இடங்களில் மட்டம் திரும்ப ஏறியும் இருக்கிறது. பாங்காக்கில் நிலத்தடி நீருக்குக் கட்டணமும் கட்டுப்பாடும் வந்தன. அமெரிக்காவின் டூசான் பகுதியில் ஆற்று நீரைக் கொண்டுவந்து நிலத்துக்குள் இறக்கினார்கள். வழிகள் வேறுவேறு. ஆனால் எங்கும் தானாக ஏறிவிடவில்லை, யாரோ முடிவெடுத்துச் செய்திருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நீர் போனதும் களிமண் அடுக்குகள் நசுங்கி நிலம் தாழ்ந்துவிட்டால், பிறகு மட்டம் ஏறினாலும் அந்தத் தாழ்வின் பெரும்பகுதி சரியாகாது. அங்கே நீரைத் தேக்கிவைக்க இருந்த இடமும் போய்விடும். அதனால்தான் காலம் கடத்தக் கூடாது.

இனியன்: பூமியின் உள்கரு சுற்றுவதை நிறுத்திவிட்டதா?

இல்லை. ஓடும் ரயிலில் இருந்துகொண்டு பக்கத்து ரயில் நின்றதாகச் சொல்வது போன்றது அந்தத் தலைப்பு. சுமார் 5,150 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் திட உள்கரு நம்மோடு சேர்ந்து நாளுக்கு ஒருமுறை சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. பேச்செல்லாம் மேலேயுள்ள பாறை அடுக்கைவிட அது சற்று முந்துகிறதா பிந்துகிறதா என்பதுதான். தெற்கு சாண்ட்விச் தீவுகளில் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி நிகழும் 121 நிலநடுக்கங்களை வைத்து, தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜான் விடேல் குழு 2024-ல் ஆராய்ந்தது. 2010-ஐ ஒட்டி உள்கரு பிந்தத் தொடங்கியது என்பது முடிவு. நாளின் நீளத்தில் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவிலான மாற்றமே இதனால் வரலாம்.

ரேவதி, ஆசிரியை: மாணவர்களுக்கு மனிதயுகம் என்று சொல்லிக்கொடுத்துவந்தேன். 2024-ல் நிராகரித்துவிட்டார்களாம். பாடத்தை மாற்ற வேண்டுமா?

நிலவியல் கால அட்டவணையை மாற்ற வேண்டாம். நாம் இருப்பது 11,700 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஹோலோசீன் காலம்தான். அதை முடித்துவிட்டு, 1950-களின் தொடக்கத்திலிருந்து மனிதர்கள் பூமியை மாற்றிய 'மனிதயுகம்' (ஆந்த்ரோபோசீன்) என்ற புதிய காலம் என்று அறிவிக்கலாமா என்பதுதான் சர்வதேச நிலவியல் அமைப்பில் நடந்த வாக்கெடுப்பு. கனடாவின் கிராஃபோர்டு ஏரியை அடையாள இடமாக முன்மொழிந்தார்கள். அந்த ஏரியின் அடியில் ஆண்டுக்கு ஓர் அடுக்காக வண்டல் படிகிறது. அணுகுண்டுச் சோதனைகளின் புளுட்டோனியம் அதில் தெளிவாகத் தெரிகிறது. மறுத்தவர்கள் அந்தச் சான்றை மறுக்கவில்லை. உழவும் காடழிப்பும் பல்லாயிரம் ஆண்டுப் பழமையானவை. மனிதத் தாக்கத்துக்கு ஒரே ஒரு தேதி போட முடியாது என்றார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. சொல்லை விடாதீர்கள். அந்த விவாதத்தையே வகுப்பில் நடத்துங்கள், ஏரியின் அடுக்குப் படத்தைக் காட்டி.

பாலு: வயலில் பாறைப் பொடி தூவினால் கரியமில வாயு குறையும் என்பது நம்பத்தக்கதா?

வேதியியல் பழையது, நம்பத்தக்கது. மழைநீரில் கரைந்த கரியமில வாயு பசால்ட் என்ற எரிமலைப் பாறையின் பொடியோடு வினைபுரிந்து பைகார்பனேட்டாக மாறிக் கடலுக்குப் போகிறது. இயற்கையில் மிக மெதுவாக நடப்பதைப் பொடியாக்கி விரைவுபடுத்துகிறார்கள். ஷெஃபீல்டு, இல்லினாய் பல்கலைக்கழகங்களின் நான்காண்டு வயல் சோதனையில் மக்காச்சோளம், சோயா விளைச்சல் 12 முதல் 16 சதவீதம் கூடியது. நீங்கிய வாயு ஹெக்டேருக்கு 10.5 டன், கூட்டல் கழித்தல் 3.8. அந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். இவ்வளவு அகலமான நிச்சயமின்மையை வைத்துக்கொண்டு இத்தனை டன் வாயுவை நீக்கினோம் என்று சான்றிதழ் விற்பது அவசரம் என்பது என் கருத்து. அரைக்கவும் ஏற்றிச்செல்லவும் ஆகும் எரிபொருளையும் கழிக்க வேண்டும்.

நிவேதா: அட்லாண்டிக் நீரோட்டம் 2057-ல் நின்றுவிடுமா?

அட்லாண்டிக்கில் வெப்ப நீரை வடக்கே கொண்டுபோகும் பெரிய நீரோட்டத்தைக் கேட்கிறீர்கள். 2057 என்பது கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றின் நடு மதிப்பு. அவர்கள் கொடுத்த வரம்பு 2025 முதல் 2095 வரை. நீரோட்டத்தையே அளந்து வந்த எண் அல்ல அது. நீரோட்டத்தை நேரடியாக, தொடர்ச்சியாக அளப்பது 2004-ல்தான் தொடங்கியது. அதனால் 1870 முதலான கடல்பரப்பு வெப்பநிலையை மாற்று அடையாளமாகக் கொண்டார்கள். 2025-ல் 34 காலநிலை மாதிரிகளை ஒப்பிட்ட இன்னொரு ஆய்வு, கடும் வெப்பமாதலிலும் ஓட்டம் பலவீனமாகுமே தவிர இந்த நூற்றாண்டில் முழுதாக நின்றுவிடாது என்றது. பலவீனமாகும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதுவே மழைப் பட்டைகளை நகர்த்தப் போதுமானது.

அருண், முதுகலை மாணவர்: அண்ணா, இந்தத் துறையில் ஆய்வு செய்ய ஆசை. கருவி வாங்கக் கையில் காசில்லை. எங்கே தொடங்கலாம்?

தம்பி, மேலே சொன்ன ஜிபிஎஸ் மறுகணக்கை நினைத்துப் பார். புதிதாக ஒரு கருவிகூட வாங்காமல் செய்தது அது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் இருக்கின்றன, 2008 முதல் இலவசம். சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் பதிவுகள் 2014 முதல் கிடைக்கின்றன. நிலம் தாழ்வதைச் சென்டிமீட்டருக்கும் குறைவாகக் கண்டுபிடிக்கலாம். கிரேஸ் செயற்கைக்கோளின் ஈர்ப்பு அளவீடுகளும் இலவசம், ஆனால் அவை சில நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு புள்ளி என்ற அளவில்தான் பேசும். ஒரு வட்டத்துக்கோ ஊருக்கோ அவற்றைப் பயன்படுத்தாதே, முதுகலை ஆய்வுகளில் அடிக்கடி நடக்கும் தவறு அது. பைத்தான் நிரல்மொழியும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் கற்றுக்கொள். பெரிய பரப்பை எடுக்காமல், நீ நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய ஒரே ஒரு ஏரியையோ கரையையோ எடு. படம் சொல்வதை நிலத்தில் நின்று சரிபார்க்க முடிய வேண்டும். அந்த ஒப்பீட்டுப் பட்டியலை, பொருந்தாத இடங்களையும் விடாமல், ஆய்வேட்டில் சேர். தேர்வாளர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.