அவள் வராத சனிக்கிழமைகள்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வணக்கம். எங்கள் தெருவில் பாட்டியோடு வளரும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு நான்கு மாதமாகச் சனிக்கிழமைதோறும் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மா இல்லை, அப்பா வேறு குடும்பத்தோடு இருக்கிறார். நன்றாக ஒட்டிக்கொண்டாள். சுடிதார், செருப்பு எல்லாம் வாங்கிக்கொடுத்தேன். இப்போது மூன்று வாரமாக வரவில்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கடைசியாக வந்தபோது கையில் பிளேடு கீறல்கள். “யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா” என்றாள். சரி என்றுவிட்டேன். விலகிவிடுவதா?

– ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

விலகாதீர்கள். ஆனால் சனிக்கிழமைவரை காத்திராமல் இன்றே அவளைப் போய்ப் பாருங்கள். கொடுத்த வாக்கை அவளிடமே சொல்லித் திரும்பப் பெறுங்கள்: “சொல்ல மாட்டேன்னு சொன்னது என் தப்பும்மா. இதை நான் மட்டும் வெச்சுக்க முடியாது. யார்கிட்ட சொல்லலாம்னு சேர்ந்து யோசிப்போம்.” சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். இல்லை என்றாலும் மனநல ஆலோசகர் ஒருவர் அவளைப் பார்க்க வேண்டும்; அரசின் மனநல உதவி எண் 14416இல் எந்நேரமும் பேசலாம். பாலியல் தொந்தரவு என்று சொன்னால் தோண்டித் துருவாமல், அவள் சொற்களிலேயே எழுதிவைத்துக் காவல்துறைக்குத் தெரிவியுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அது கட்டாயம்; வழி தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.

அவள் வராதது நன்றிகெட்டத்தனம் இல்லை. பெற்றவர்களை இழந்த பிள்ளைக்கு நெருக்கம் கூடக்கூடப் பயமும் கூடும். இவர்களும் போய்விடுவார்களோ, அதற்குமுன் நாமே போய்விடலாம் என்று தோன்றும். அதனால் அதே நேரம், அதே திண்ணையில் அரைமணி காத்திருங்கள். வராவிட்டால், “அடுத்த வாரமும் இருப்பேன்” என்று பாட்டியிடம் சொல்லிவிட்டு வாருங்கள். வந்தால், ஏன் வரவில்லை என்ற விசாரணை வேண்டாம்.

பொருள் வாங்கித்தருவதை நிறுத்துங்கள். திருப்பித்தர முடியாதவளுக்கு அது கடனாகக் கனக்கும். கணக்கு அரைமணி போதும்; மீதி அரைமணி சேர்ந்து பூக்கட்டுங்கள், கீரை ஆயுங்கள். கை வேலையில் இருக்கும்போது முகம் பார்க்காமல் பேசலாம். கனமான பேச்சு அப்போதுதான் வரும். உடனே புத்தி சொல்லாதீர்கள்.

அமெரிக்காவில் இத்தகைய வழிகாட்டி உறவுகளைப் பற்றி கிராஸ்மன், ரோட்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்கு மேல் நீடித்தவையே அதிகப் பலன் தந்தன. மிகச் சீக்கிரம் முறிந்தபோது பிள்ளைகள் சிலவற்றில் முன்பைவிடப் பின்தங்கினர். ஆகவே பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும்வரை இருப்பேன் என்று உங்களால் முடிந்தால் மட்டும் சொல்லுங்கள். நடுவில் ஊர்மாற வேண்டிவந்தால் இரண்டு மாதம் முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள்.