அந்த 15 வாட் டிரான்ஸ்மிட்டரை இப்போது ஆன் செய்யாதீர்கள்

வணக்கம். அமெரிக்காவில் எங்கள் பகுதிக் குரல் எந்த வானொலியிலும் வருவதில்லை, 15 வாட் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கிவிட்டேன், பேச்சுரிமை தரும் அரசியலமைப்பின் முதல் சட்டத்திருத்தம் காப்பாற்றுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காப்பாற்றாது. பேச்சுரிமைக்குள் உரிமமில்லாமல் ஒலிபரப்பும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1943-லேயே சொல்லிவிட்டது.

உங்கள் ஆதங்கம் நியாயமானது. 1987-ல் இல்லினாய்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் பார்வையற்ற எம்பானா கன்டாக்கோ உரிமமில்லாமல், ஒரே ஒரு வாட் வானொலியில், தன் குடியிருப்பிலிருந்தே போலீஸ் அடாவடியைப் பற்றிப் பேசினார். அவரைப் போன்றவர்கள் கொடுத்த நெருக்கடியும் சேர்ந்துதான் 2000-ல் எல்பிஎஃப்எம் என்ற குறைந்த சக்தி எஃப்எம் உரிமம் வந்தது. 100 வாட், சுமார் 5 கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கேட்கும். லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு மட்டும்தான் தருவார்கள்; விண்ணப்பம் எப்போதாவதுதான் திறக்கும், கடைசியாக 2023 டிசம்பரில்.

முக்கியமான விஷயம் இதுதான்: உரிமமில்லாமல் ஒலிபரப்பியவருக்கு இந்த உரிமம் கிடையாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு ராத்திரி ஆசைக்காக அந்தக் கதவை அடைத்துக்கொள்ளாதீர்கள். 2020-ல் வந்த சட்டம் அபராத உச்சவரம்பை ஒரு நாளைக்கு 1,00,000 டாலர் என்று வைத்தது, பிறகு அது இன்னும் உயர்ந்திருக்கிறது. தெரிந்தே இடம் கொடுத்த வீட்டுக்காரருக்கும் நோட்டீஸ் வரும்.

அப்புறம், மலிவான கருவிகளில், வேறு அலைவரிசைகளுக்குக் கசிவதைத் தடுக்கும் வடிகட்டி சரியாக இருக்காது. எஃப்எம் 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது, அதற்கு மேலே விமானங்களின் அலைவரிசை. அங்கே உங்கள் குரல் கசிந்தால் விமானிக்குத்தான் ஆபத்து.

இப்போதைக்கு நிகழ்ச்சிகளை இணையத்தில் ஓட்டுங்கள். நாலு பேரைச் சேர்த்து அமைப்பைப் பதிவு செய்துவையுங்கள், அடுத்த முறை திறக்கும்போது தயாராக இருக்கலாம்.