ஆளைத் தொந்தரவு செய்யாத அழைப்பு, மெசேஜ் செயலிகளை உருவாக்கவே முடியாதா?

முடியும். பாதி வேலை 2002-லேயே எழுதி முடித்தாயிற்று, அதற்கு ஒரு பொத்தான் வைக்கத்தான் பெரும்பாலும் ஆளில்லை.

நான் சில வருஷம் ஆபீஸ்களுக்கான இணையத் தொலைபேசி மென்பொருளில் வேலை பார்த்தேன். அந்த உலகத்தில் அழைப்பை இணைக்கிற வேலையைப் பெரும்பாலும் எஸ்ஐபி என்ற நெறிமுறைதான் பார்க்கும். 2002-ல் வந்த அதன் மூல ஆவணமான ஆர்எஃப்சி 3261-ல் 'ப்ரையாரிட்டி' என்று ஒரு வரி இருக்கிறது: கூப்பிடுகிறவர் எமர்ஜென்சி, அர்ஜென்ட், நார்மல், நான்-அர்ஜென்ட் என்று நான்கில் ஒன்றைக் குறித்து அனுப்பலாம். எதற்காகக் கூப்பிடுகிறார் என்று சொல்ல 'சப்ஜெக்ட்' வரியும் உண்டு. நான் கையாண்ட எந்தப் போனிலும் இந்த இரண்டுக்கும் பொத்தான் பார்த்ததில்லை. மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று சொல்லவும் அதே மணிதான், சாப்பிட்டாயா என்று கேட்கவும் அதே மணிதான்.

சிக்கலே இங்கேதான். விஷயம் அவசரமா என்பது கூப்பிடுகிறவருக்குத்தான் தெரியும், இப்போது பேச முடியுமா என்பது எதிர்முனையில் இருப்பவருக்குத்தான் தெரியும். இந்த இரண்டையும் மணி அடிப்பதற்கு முன்னால் சேர்த்து வைப்பதுதான் செயலியின் வேலை, ஆனால் இன்றைய பெரும்பாலான செயலிகள் மியூட், டிஎன்டி (டூ நாட் டிஸ்டர்ப், தொந்தரவு செய்யாதே) என்று எல்லாப் பாரத்தையும் அழைப்பைப் பெறுகிறவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. பழைய யாஹூ மெசஞ்சரில் 'பிஸி' என்று போட்டுவிட்டால் பேச வருகிறவருக்கு அது தெரியும். வாட்ஸப்பின் 'ஆன்லைன்' காட்டுவது நான் வாட்ஸப்பைத் திறந்து வைத்திருக்கிறேன் என்பதை மட்டும்தான். நான் பேசத் தயாரா என்று அது சொல்லாது. நம் ஊர் மிஸ்டு கால்கூட இதைவிடப் புத்திசாலித்தனம்: ஒரு ரிங் என்றால் பஸ் ஏறிவிட்டேன், இரண்டு என்றால் திருப்பிக் கூப்பிடு, எடுக்கவே வேண்டாம்.

சரி, பொத்தான் வைத்தால் எல்லோரும் அவசரம் என்றே அமுக்குவார்களே? அமுக்குவார்கள். மின்னஞ்சலில் 'முக்கியம்' என்று காட்டப் போடும் சிவப்பு ஆச்சரியக்குறிக்கு என்ன கதி ஆனது என்று ஆபீஸில் இருப்பவர்களுக்குத் தெரியும், எங்கள் மேனேஜர் ஒருவர் பிறந்தநாள் கேக் வெட்ட வாருங்கள் என்பதற்கும் அதைப் போட்டார். அதனால் அனுப்புகிறவரை ஒரு நொடி நிறுத்த வேண்டும். ஆபீஸ் மெசேஜ் செயலியான ஸ்லாக்கில் இது ஓரளவுக்கு இருக்கிறது: நீங்கள் எழுதும் ஆள் அறிவிப்புகளை நிறுத்தி வைத்திருக்கிறார், ஆனாலும் தெரிவிக்கவா என்று நம்மையே கேட்கும். அந்தக் கேள்வியைப் பார்த்து நானே பலமுறை பின்வாங்கியிருக்கிறேன். அதோடு, அழைப்பைப் பெற்றவர் பிறகு 'இது அவசரமில்லை' என்று ஒரு தட்டுத் தட்டினால், அடுத்த முறை அந்த ஆளின் அவசரத்துக்குச் சத்தம் குறைய வேண்டும். அவருக்கு அது தெரியவும் வேண்டாம், வீண் மனஸ்தாபம்.

ஐபோனில் இன்னொரு வழி உண்டு. டிஎன்டி போட்டிருந்தாலும் அதே ஆள் 3 நிமிஷத்துக்குள் மறுபடி கூப்பிட்டால் மணி அடிக்கும்படி வைத்துக்கொள்ளலாம். யோசனை நல்லதுதான், இதை வடிவமைத்தவர்களுக்கு என் அம்மாவைத் தெரியாது. எடுக்கும்வரை அடிப்பதுதான் அவருக்கு ஒரு அழைப்பு.

மெசேஜ் விஷயத்தில் எனக்கு அவ்வளவு கவலையில்லை. ஆண்ட்ராய்டு 8 (2017) வந்ததிலிருந்து ஒரே செயலியின் அறிவிப்புகளை வகை பிரித்து, வேண்டாததை மட்டும் அடக்கலாம். ஆனால் வகை பிரிக்க வேண்டியது செயலிக்காரர், அவரே டெலிவரித் தகவலோடு தள்ளுபடி விளம்பரத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் நாம் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தப் பொத்தான் வரும்வரை வீட்டில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். பகலில் என்னைக் கூப்பிடுவதற்கு முன் 'அவசரம்' என்று வாட்ஸப்பில் ஒரு வார்த்தை போட வேண்டும், வந்தால் மீட்டிங்கில் இருந்தாலும் எழுந்து போய்ப் பேசுவேன். இதுவரை மூன்று முறை வந்திருக்கிறது. அதில் ஒன்று, கேஸ் சிலிண்டர்காரர் வாசலில் நிற்கிறார், சில்லறை எங்கே வைத்தாய் என்று.