தலைமைக் குரங்கும் கடைநிலை எழுத்தரும்: சமூக அழுத்தம் குறித்த கேள்வி பதில்

நான் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பிப்பவன். மனநல மருத்துவன் அல்லன். மூளையைப் பற்றிக் கேளுங்கள், மருந்துச் சீட்டு மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: நாலு பேர் முன் பேச எழுந்தாலே உடம்பு நடுங்குகிறது. இது வெறும் பயந்த சுபாவமா?

இல்லை. ஜெர்மனியின் ட்ரியர் நகரில் வகுக்கப்பட்டு 1993-இல் வெளியான சோதனை ஒன்றில், முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு குழுவின் முன் ஐந்து நிமிடம் பேசவேண்டும். பிறகு 1022-இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வரவேண்டும். தவறினால் மறுபடியும் 1022. யாரும் திட்டுவதில்லை, அடிப்பதில்லை. ஆனாலும் பெரும்பாலோரின் உமிழ்நீரில் கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன் ஏறிவிடுகிறது. இத்தகைய 208 ஆய்வுகளைத் தொகுத்த 2004-ஆம் ஆண்டுக் கட்டுரை, பிறர் நம்மை எடைபோடுவதும் நிலைமை நம் கையில் இல்லாததும் சேரும்போதுதான் ஏற்றம் மிக அதிகம் என்று காட்டியது.

கேள்வி: கார்டிசால் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

வேண்டாம். அது காலையில் உயர்ந்து இரவில் தாழும். ஒற்றை எண் உங்கள் மனநிலையைச் சொல்லாது. குஷிங் (கார்டிசால் மிகுதி), அடிசன் (கார்டிசால் குறைவு) போன்ற நோய்களை ஐயுறும் மருத்துவர் கேட்டால் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: அழுத்தத்தால் மூளை சுருங்குமா?

பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜியின் குழு, எலிகளை நாளுக்கு இரண்டு மணி நேரம், பத்து நாள், அசையவிடாமல் வைத்துப் பார்த்தது. நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் குறுகின. அச்சத்துக்குரிய அமிக்டலாவில் அவை வளர்ந்தன. எலிகளை 21 நாள் நிம்மதியாக விட்டபின் முன்னது மீண்டது, பின்னது மீளவில்லை. ஆகவே, ‘சுருங்குமா’ என்ற கேள்வி பாதிதான். இது உடலைக் கட்டிவைக்கும் அழுத்தம், சமூக அழுத்தம் அன்று என்பதையும், எலியிலிருந்து மனிதனுக்கு ஒரே தாவலில் வரக்கூடாது என்பதையும் மறவாதீர்கள்.

கேள்வி (மேலாளர் ஒருவர்): பொறுப்பு முழுவதும் எங்கள் தலையில். எழுத்தருக்கு என்ன அழுத்தம்? குரங்கு ஆய்வே இருக்கிறதே!

நீங்கள் சொல்வது 1958-இல் ஜோசப் பிரேடி வெளியிட்டது. இரண்டிரண்டாக வைத்த குரங்குகளில் நெம்புகோலை அழுத்தி மின்னதிர்ச்சியைத் தவிர்க்கும் பொறுப்புள்ள ‘மேலாளர்’ குரங்குக்கே குடற்புண் வந்தது. ஆனால் நெம்புகோலை விரைந்து கற்ற குரங்குகளையே மேலாளர்களாக அமர்த்தியிருந்தார்கள். பதற்ற சுபாவம் முன்பே இருந்திருக்கலாம். பின்னர் ஜே வைஸ் எலிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தபோது, அதிர்ச்சியைத் தடுக்க வழியில்லாத எலிக்கே புண் அதிகம். லண்டன் அரசு ஊழியர்களிடையே 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், கடைநிலைப் பணியாளர்கள் இதயநோயால் இறந்த விகிதம் உயர்நிலையினரைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்; புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கழித்தும் இடைவெளியின் பெரும்பகுதி மறையவில்லை.

கேள்வி (அவரே மீண்டும்): கென்யாவின் பபூன் குரங்குகளில் தலைவனுக்கும் அழுத்தம் உண்டாமே?

நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். அந்நாட்டின் அம்போசெலிப் பகுதியில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், முதலிடத்து ஆணின் அழுத்த ஹார்மோன் இரண்டாமிடத்தானுடையதைவிட மிக அதிகம். ஆனால் அந்தத் தலைவன் தன் இடத்துக்காக ஓயாமல் சண்டையிடுகிறான். உங்கள் நாற்காலியை நாள்தோறும் யாரும் கடிக்க வருவதில்லை என்று நம்புகிறேன்.

கேள்வி: கார்டிசாலைக் குறைக்கும் மாத்திரை எது?

பரிசோதனை பற்றி மேலே சொன்னதே இதற்கும்: மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். விளம்பரத்தைப் பார்த்து எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: கார்டிசாலால் முகம் உப்புமா?

மூன்றாம் முறை கார்டிசால்! குஷிங் நோயில் உப்பும். அலுவலகக் கவலையில் அன்று.

கேள்வி: அலுவலகத்தில் தொடர்ந்து கேலி செய்கிறார்கள். இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை.

இதற்கு நான் பாடம் நடத்தக்கூடாது. இன்றே 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. நம்பும் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி (அதே மேலாளர்): சரி, எனக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நான் என்ன செய்யலாம்?

எந்த வேலையை முதலில் முடிப்பது என்பதை அவர்களிடம் விடுங்கள். பிழை கண்டால் கூட்டத்தில் சொல்லாமல் தனியே அழைத்துச் சொல்லுங்கள். 1022-க்குத் திரும்ப அனுப்பாதீர்கள்.