கூலிக்கு வரைந்தால் கலையாகாதா?

கேள்வி: சென்ற இதழில் தாமஸ் கெயின்ஸ்பரோவின் ‘திருமதி கிரஹாம்’ ஓவியத்தை முழுப் பக்கத்தில் வெளியிட்டிருந்தீர்கள். பட்டும் இறகுமாக நிற்கும் செல்வந்தர் வீட்டுப் பெண்ணைக் காசு வாங்கிக்கொண்டு மெருகேற்றி வரைந்த முகஸ்துதிக்கு இத்தனை மரியாதை எதற்கு? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: காசு வாங்கித்தான் வரைந்தார். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓவியருக்குச் சோறு போட்டது உருவப்படமே. நிலக்காட்சிகளை வரைய ஏங்கிய கெயின்ஸ்பரோ, உருவப்படம் வரைந்து வரைந்து அலுத்துவிட்டது, இசைக்கருவியை எடுத்துக்கொண்டு ஏதாவதொரு கிராமத்துக்குப் போய்விடலாம் போலிருக்கிறது என்று நண்பருக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். ஆனால், கூலி வாங்கிய கை என்ன செய்திருக்கிறது என்று பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

ஏறக்குறைய எட்டடி உயரமுள்ள அந்த ஓவியத்தில் வெள்ளிபோல் மின்னும் பட்டு மேலாடையையும் ரோஜாச் சிவப்புப் பாவாடையையும் கவனியுங்கள். நீர்க்கக் கரைத்த எண்ணெய் வண்ணத்தை விரைவாக இழுத்துவிட்டுப் போகும் தூரிகை அவருடையது. கிட்டத்தில் நின்றால் வெறும் கீறல்களாகத் தெரிபவை, சற்றுப் பின்வாங்கினால் மடிப்பும் பளபளப்புமாகக் கூடிவருகின்றன. இதை வியந்து சொன்னவர் அவருடைய ரசிகர் அல்லர், போட்டியாளரான ஜோஷுவா ரெனால்ட்ஸ். கெயின்ஸ்பரோ இறந்த 1788ஆம் ஆண்டிலேயே, லண்டனின் கலைக் கழகமான ராயல் அகாடமியின் மாணவர்களுக்கு ஆற்றிய உரையில் அதைச் சொன்னார். முகத்தை மட்டும் தாம் வரைந்து, ஆடையைக் கூலியாளிடம் விட்டுவிடுவது அக்காலத்து ஓவியர் பலரின் வழக்கம். கெயின்ஸ்பரோ பெரும்பாலும் அப்படி விட்டுவிடவில்லை.

அந்த ஆடையும் அன்றைய நாகரிக உடையன்று. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய உருவப்பட ஓவியர் வான் டைக்கின் ஓவியங்களில் காணும் பாணி அது. செல்வத்தைக் கடைபரப்புவது மட்டுமே நோக்கமென்றால், அன்று லண்டனில் விலைபோன புது உடையே போதுமானதாக இருந்திருக்கும்.

1777இல் ராயல் அகாடமி கண்காட்சியில் இப்படம் வைக்கப்பட்டபோது மேரி கிரஹாமுக்கு இருபது வயது. 1792இல் அவர் நோயுற்று இறந்தார். கணவர் தாமஸ் கிரஹாமுக்கு அதன்பின் இப்படத்தைக் கண்கொண்டு பார்க்க மனம் வரவில்லை. கட்டிப் பூட்டி வைத்துவிட்டார். 1843இல் அவரும் மறைந்தார். 1859இல், ஸ்காட்லாந்தை விட்டு வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையோடு, எடின்பரோவிலுள்ள தேசியக் கலைக்கூடத்துக்கு இது வழங்கப்பட்டது. வெறும் மெருகாக இருந்திருந்தால், மனைவியை இழந்த ஒருவர் இதைக் கண்டு இப்படி அஞ்சியிருப்பாரா?

அக்காலத்தில் ஒரே நிற்கும் பாங்கில், ஒரே தூணும் திரைச்சீலையும் வைத்து, முகத்தை மட்டும் மாற்றி வரைந்து தள்ளிய படங்கள் ஏராளம். உங்கள் குற்றச்சாட்டு அவற்றுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.