தட்டினால் சத்தம் வருகிறதா? அப்படியென்றால் ஐசி போகவில்லை

கேள்வி: அப்பா 1985இல் சவுதியிலிருந்து வரும்போது கொண்டுவந்த ஜப்பான் ஸ்டீரியோ டூ-இன்-ஒன், பல வருடமாகப் பரண் மேல் கிடந்தது. எடுத்துத் துடைத்துப் போட்டேன், பாடுகிறது. ஆனால் வால்யூமை முழுதாக வைத்தாலும் பக்கத்து அறைக்குக் கேட்காது. ரேடியோ, கேசட் இரண்டிலும் இதே கதைதான். மேலே தட்டினால் சில நேரம் குபீரென்று முழுச் சத்தம் வந்து மறுபடி இறங்கிவிடுகிறது. கடைக்காரர், "ஐசி போயிடுச்சு, ஒரிஜினல் கிடைக்காது, உள்ளே புளூடூத் போர்டு போட்டுத் தர்றேன், 3,500 ஆகும், பழைய போர்டை நானே வச்சுக்கிறேன்" என்கிறார். போடலாமா சார்?

பதில்: போடாதீர்கள். செட்டை உடனே வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. தட்டினால் முழுச் சத்தம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐசி என்பது சத்தத்தைப் பெருக்கித் தருகிற சிப், தட்டினால் பிழைத்து, கையை எடுத்தால் சாகிற சாமான் இல்லை. போனால் போனதுதான். ஒரு பக்கம் அடியோடு ஊமையாகிவிடும், இல்லையென்றால் கொர்ர்ர் என்ற இரைச்சல் மட்டும் வரும், அதுவும் இல்லையென்றால் போட்ட கொஞ்ச நேரத்தில் பின்னால் இருக்கும் அலுமினியத் தகடு கை வைக்க முடியாதபடி கொதிக்கும். உங்களுக்கு இந்த மூன்றும் இல்லை. தட்டினால் வந்து போகிறது என்றால் எங்கோ ஒரு உலோகம் இன்னொரு உலோகத்தைச் சரியாகத் தொடவில்லை, அவ்வளவுதான். ரேடியோவும் கேசட்டும் ஒரே அளவுக்குக் குறைந்திருப்பதால், கேசட் ஹெட் (நாடாவை உரசிப் படிக்கிற பகுதி) மேல் பழி போடவும் வேண்டாம். ஹெட்டில் அழுக்கென்றால் கேசட் மட்டும் மங்கும், ரேடியோ ஜோராகப் பாடும்.

அந்தத் தொடாத இடம் பத்துக்கு எட்டு செட்டில் ரெக்கார்டு-பிளே சுவிட்ச்தான். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளே போர்டின் மேல் விரல் நீளத்துக்கு ஒரு இழுவை சுவிட்ச் இருக்கும், ரெக்கார்டு பட்டனை அழுத்தும்போது ஒரு கம்பியோ தகடோ அதை ஒரு பக்கமாக இழுக்கும். கேசட்டைப் பாட வைக்கிற ஹெட்டே பதிவும் செய்ய வேண்டும், அதே சர்க்யூட் இரண்டு வேலையும் பார்க்க வேண்டும் என்பதால், போகிற வழி வருகிற வழி எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் மாற்றுவதற்காக வைத்த சுவிட்ச் அது. அதற்குள் வெள்ளி முலாம் பூசிய குட்டிக் குட்டித் தகடுகள் வரிசையாக இருக்கும், ஸ்டீரியோ என்றால் இன்னும் அதிகம். நிறைய செட்டுகளில் ரேடியோ சிக்னலும் இதன் வழியாகத்தான் போகிறது. காற்றில் இருக்கும் கந்தகத்தால் வெள்ளி கறுத்துப்போகும், கொலுசு கறுக்கிற மாதிரி. கொலுசையாவது நடமாட்டத்தில் தேய்த்துக்கொண்டிருப்போம். இந்த சுவிட்சை கடைசியாக எப்போது அசைத்தீர்கள்? நீங்கள் யாரும் ரெக்கார்டு பட்டனைத் தொட்டே இருபது முப்பது வருடம் ஆகியிருக்கும்.

எனவே முதல் வைத்தியத்துக்கு ஸ்க்ரூ டிரைவரே தேவையில்லை. மின் வயரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரிக் கட்டைகள் இருந்தால் எடுத்துவிட்டு, ரெக்கார்டு பட்டனை அழுத்தி, ஸ்டாப் கொடுத்து, இப்படியே முப்பது நாற்பது தடவை செய்யுங்கள். கேசட் இல்லாமல் ரெக்கார்டு பட்டன் இறங்காது, உள்ளே ஒரு சின்ன நாக்கு தடுக்கும், ஆகவே பின்புறத்து இரண்டு பிளாஸ்டிக் காதுகளும் உடையாமல் இருக்கிற வேண்டாத கேசட் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வேண்டாத கேசட் என்று அழுத்திச் சொல்கிறேன். வளைகுடாவுக்குப் போனவர்கள் வீட்டில் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்டுகள் இன்னும் பெட்டியில் கிடக்கும், அப்பா குரல் இருக்கிற கேசட்டைப் போட்டு, பரிசோதிக்கிற ஆர்வத்தில் கரண்டும் கொடுத்து ரெக்கார்டு அழுத்தினீர்கள் என்றால் அந்தக் குரல் திரும்ப வராது.

அப்புறம் ஹெட்போன் ஓட்டையில் ஒரு ஹெட்போன் பின்னைச் சொருகிச் சொருகி எடுங்கள். பின்னைச் சொருகினால் ஸ்பீக்கரைத் துண்டிக்கிற ஒரு தகடு அதற்குள் இருக்கிறது, அது கறுத்தாலும் இதே நோய்தான். ரேடியோ-டேப் மாற்றும் சுவிட்சை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளுங்கள், வால்யூமையும் அப்படியே. இவ்வளவும் செய்து போட்டுப் பாருங்கள். சத்தம் பாதியாவது ஏறியிருந்தால் நோய் எதுவென்று தெரிந்துவிட்டது, மூடியைத் திறந்து அந்த சுவிட்சுக்குள் காண்டாக்ட் கிளீனர் (உலோகம் தொடுகிற இடங்களைச் சுத்தம் செய்கிற ஸ்ப்ரே) அடிக்க வேண்டியதுதான் பாக்கி. மெல்லிய குழாயை சுவிட்சின் ஓரத்து இடுக்கில் வைத்து ஒரு பொட்டு, மறுபடி இழுத்துத் தள்ளி இன்னொரு பொட்டு, பிறகு அரை மணி நேரம் காய விட்டுவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். மூடியைத் திறப்பதாக இருந்தால் வயர் சுவரில் இருக்கவே கூடாது, செட் ஆஃபில் இருந்தாலும் நிறைய மாடல்களில் டிரான்ஸ்பார்மர் வரைக்கும் 230 வோல்ட் வந்து நிற்கும்.

காண்டாக்ட் கிளீனருக்குப் பதிலாக எதையும் ஊற்றாதீர்கள். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், நட்டுக்குத் துரு எடுக்க அடிக்கிற ஸ்ப்ரே என்று ஊற்றிக் கொண்டுவந்த செட்டுகள் எல்லாம் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. எண்ணெய் அன்றைக்கு வேலை செய்த மாதிரி தெரியும், ஆறு மாதத்தில் தூசியைப் பிடித்துப் பிசினாகி நிற்கும். பெட்ரோல், தின்னர் பிளாஸ்டிக்கையே தின்றுவிடும்.

இன்னொரு சோதனை. புது பேட்டரிக் கட்டைகளைப் போட்டு (ஆறு போடுகிற செட் என்றால் 9 வோல்ட், எட்டு என்றால் 12) பாட வையுங்கள். பேட்டரியில் முழுச் சத்தம், கரண்டில் குறைச்சல் என்றால் கோளாறு கரண்டை மாற்றித் தருகிற பகுதியில், பெரும்பாலும் அங்கிருக்கும் பெரிய கண்டென்சர் (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்குகிற சாமான்) காய்ந்திருக்கும். உங்களுடையது சவுதி செட் என்பதால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: அந்தக் காலத்தில் அங்கே பல இடங்களில் 127 வோல்ட்தான் இருந்தது, ஆகவே பின்பக்கம் 110-127, 220-240 என்று மாற்றுகிற சுவிட்ச் இருக்கலாம். அது 220-240இல் இருக்கட்டும். "அந்தப் பக்கம் தள்ளினால் சத்தம் கூடும் சார்" என்று யாராவது யோசனை சொன்னால் அவரிடம் மறுபடி போகாதீர்கள், தள்ளிய நிமிடம் டிரான்ஸ்பார்மர் புகையும்.

இப்போது உங்கள் கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். "பழைய போர்டை நானே வச்சுக்கிறேன்" என்றாரே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. போன ஐசி இருக்கிற செத்த போர்டு அவருக்கு எதற்கு? எண்பதுகளின் ஜப்பான் செட்டுகளைச் சேர்க்கிற பைத்தியங்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அந்த போர்டு, ஹெட், மோட்டார், வால்யூம் குமிழ், ஸ்பீக்கர் ஜாலி எல்லாவற்றுக்கும் ஆன்லைனில் விலை இருக்கிறது. உங்களிடம் பணமும் வாங்கிக்கொண்டு சாமானையும் எடுத்துக்கொண்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புளூடூத் போர்டை ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் கேசட் பாடாது, மீடியம் வேவ் எடுக்காது, முன்னால் இருக்கிற குமிழெல்லாம் பொம்மை. புளூடூத் வேண்டுமென்றால் தனியாக ஒரு ஸ்பீக்கர் வாங்குங்கள், அப்பாவின் செட்டை எதற்கு வயிற்றைக் கிழிக்க வேண்டும்?

ஐசியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று இன்னொருவர் சொன்னாலும் அவசரப்படாதீர்கள். நம் ஊர் ஆம்ப்ளிஃபயர்களில் எல்லாம் வருகிற 4440 ஐசியையே எடுத்துக்கொள்ளுங்கள், அது சான்யோ தயாரித்தது, இப்போது கடையில் சல்லிசாகக் கிடைப்பதில் பெரும்பகுதி மேலே எழுத்து மட்டும் அச்சடித்த நகல். நல்ல ஒரிஜினலைப் பிடுங்கிவிட்டு நகலை வைத்து, அதற்குக் கூலியும் கொடுப்பதைப் போல வேறு கொடுமை இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. நடுவில் யாராவது இந்த செட்டைத் திறந்து ஸ்பீக்கர் மாற்றியிருந்தாலோ, கழற்றி மாட்டுகிற ஸ்பீக்கர் உள்ள மாடல் என்றாலோ, சுவிட்சை விட்டுவிட்டு வயரைப் பாருங்கள். ஸ்பீக்கருக்கு பிளஸ், மைனஸ் உண்டு. இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு மட்டும் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்துவிட்டால், ஒரு கூம்பு முன்னால் வரும்போது இன்னொன்று பின்னால் போகும், ஒன்று தள்ளுகிற காற்றை மற்றது இழுத்துக்கொள்ளும். தபேலா, பேஸ் எல்லாம் காணாமல் போய், சத்தம் இருக்கிற மாதிரியும் இருக்கும் இல்லாத மாதிரியும் இருக்கும், வால்யூமை எவ்வளவு திருகினாலும் நிறையாது. ஒரு ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் பாட விட்டால் முன்னைவிடக் கனமாகக் கேட்கும், அதுதான் அடையாளம். உறுதி செய்ய, ஸ்பீக்கர் வயர்களை செட்டிலிருந்து கழற்றிவிட்டு, ஒரு சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே துள்ள வேண்டும். இரண்டும் வெளியே துள்ளினால் குறி சரி, ஒன்று உள்ளே போனால் அதன் வயரை மாற்றிக் கொடுங்கள், செலவே இல்லை. செட்டில் "ஸ்டீரியோ வைடு" என்ற பட்டன் இருந்து அது அமுங்கியிருந்தாலும் ஏறக்குறைய இப்படியே கேட்கும், முதலில் அதை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். புதிதாகப் போட்ட ஸ்பீக்கரின் ஓம்ஸையும் (மின்தடை அளவு) பாருங்கள்: 4 இருந்த இடத்தில் 8 போட்டால் சக்தி பாதியாகும், 8 இருந்த இடத்தில் 4 போட்டால் ஐசி சூடேறி நிஜமாகவே ஒருநாள் போய்விடும். ஆனால் உங்கள் செட் தட்டினால் முழுச் சத்தம் கொடுக்கிறது என்பதால், ஸ்பீக்கர் வயர் மேல் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகலாமா என்று கேட்காதீர்கள். மாடல் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு "அப்சலீட் சார்", அதாவது வழக்கொழிந்த மாடல், என்பார்கள், அத்தோடு முடிந்தது. பழுது பார்க்கும் உரிமை என்று மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் திறந்தது. நல்ல காரியம்தான், ஆனால் உங்கள் செட்டுக்கு அதில் ஒரு துண்டுச் சீட்டும் கிடைக்காது. சர்க்யூட் படத்தையே செட்டோடு கொடுத்த கம்பெனிகள் இருந்த காலத்து சாமான் இது. இன்றைக்கு போர்டைக் கழற்று, புது போர்டை மாட்டு என்பதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள், ஒரு சுவிட்சைத் துடைக்கிற கூலியை பில்லில் எழுத எந்த சர்வீஸ் சென்டரிலும் ஆள் இல்லை.

அதனால் வயதான ரேடியோ மெக்கானிக் ஒருவரை ஊரில் தேடிப் பிடியுங்கள், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எங்காவது ஒருவர் மிச்சம் இருப்பார். "ரெக்கார்டு-பிளே சுவிட்சை சுத்தம் பண்ணணும், எதையும் மாத்த வேண்டாம்" என்று சொல்லி, கூலியை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கு முன் மூடியைத் திறக்கச் சொல்லி போர்டை, ஐசி நம்பர் தெரிகிற மாதிரி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க விடாத கடையில் செட்டை வைக்காதீர்கள். கண்டென்சர் மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னால் சரி, நாற்பது வருடத்தில் அது நியாயமான யோசனைதான், மைக்ரோஃபாரட் அதே அளவாகவும் வோல்ட் அதே அளவோ கூடவோ இருக்கட்டும், கழற்றிய பழசை ஒரு கவரில் போட்டு உங்களிடமே தரச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் சத்தம் ஏறவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். மாடல் நம்பர், பேட்டரியில் எப்படி, கரண்டில் எப்படி, எந்தப் பக்கத்தில் தட்டினால் சத்தம் வருகிறது, இவ்வளவும் அதில் இருக்கட்டும்.