ரோமில் முதல் நாள்: வாசகர் கேள்வி பதில்

மே மாதக் கடைசியில் ரோம் செல்லவிருக்கும், மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த குழு ஒன்று அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை இந்தப் பக்கத்தை முழுதாக ஒதுக்கியிருக்கிறோம். குழுவில் ஆறு பேர். இருவர் அறுபதைத் தாண்டியவர்கள், ஒருவர் சுத்த சைவம், மூவர் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள்.

*முந்தின நாள் மாலை ரோமில் இறங்குகிறோம். தங்குமிடம் தெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கம். மறுநாள் மத்தியானம் கொலோசியம் பார்த்துவிட்டு, அங்கிருந்து ஊரைச் சுற்றலாம் என்று நினைக்கிறோம். சரிவருமா?*

வராது. கொலோசியத்தை இரண்டாம் நாள் காலைக்குத் தள்ளிவையுங்கள். கோடையில் ரோம் நேரம் நம் நேரத்துக்கு 6 மணி பின்னால் ஓடும். அங்கே விடியற்காலை 4 மணி என்றால் சுங்கை சிப்புட்டில் காலை 10. என்னதான் களைத்துப் படுத்தாலும் அந்நேரத்துக்கு விழிப்புத் தட்டிவிடும். அங்கே மாலை 4 ஆகும்போது நம் ஊரில் இரவு 10. நின்ற இடத்திலேயே கண் சொருகும். மத்தியானத்துக்குச் சீட்டு எடுத்தால் பாதி மயக்கத்தில்தான் கொலோசியத்தைப் பார்ப்பீர்கள்.

விடியலில் தானாக வரும் அந்த விழிப்புதான் உங்கள் முதலீடு. தோட்டத்தில் பெரட்டுக்கு (விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு) எழுந்து பழகிய வீடுகளுக்கு இது புதிதும் அல்ல. மே கடைசியில் ரோமில் ஐந்தரை மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். பகலில் நெருக்கித் தள்ளும் இடங்கள் அப்போது வெறிச்சென்று இருக்கும்.

மெட்ரோ 5.30க்குத் தொடங்குகிறது. தெர்மினியில் ஏ தடத்தில் ஏறி மூன்றாவது நிறுத்தமான ஸ்பான்யாவில் இறங்குங்கள். வெளியே வந்தால் ஸ்பானிஷ் படிகளின் அடிவாரம். மொத்தம் 135 படி, பத்துமலையின் 272 படிகளில் ஏறக்குறைய பாதி. ஏறிப் பார்க்கலாம், உட்காரக் கூடாது. 2019 முதல் அதற்கு அபராதம் உண்டு. மூட்டு வலி உள்ளவர்கள் கீழேயே படகு வடிவ நீரூற்றருகில் நிற்கட்டும். மேலே போகாததால் பெரிதாக ஒன்றும் விட்டுப்போகாது.

அங்கிருந்து ட்ரெவி நீரூற்று 650 மீட்டர் போல. ஆறரைக்குள் சேர்ந்துவிட்டால் தண்ணீர் விழும் சத்தத்தைத் தனியாகக் கேட்கலாம். பகலில் குளத்தருகே இறங்க வரிசை உண்டு. ஒரே நேரத்தில் 400 பேருக்கு மேல் விடுவதில்லை. இந்த நீரூற்று கட்டி முடிந்தது 1762இல். ஆனால் இதற்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் கி.மு. 19இல் வெட்டியது. வலக்கையால் இடத்தோளுக்கு மேலாக நாணயம் போடுவது வழக்கம். அந்தக் காசு கரிதாஸ் தொண்டு அமைப்பு வழியாக ஏழைகளுக்குப் போகிறது. குளத்தில் கால் வைத்தால் காவலர் விடமாட்டார்.

ஏழு மணிக்குப் பசியாறுங்கள். காப்பிக் கடையில் முகப்பில் நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. பிரபலமான சதுக்கங்களில் இரண்டு மடங்குக்கு மேலும் போகும். இது ஏமாற்று அல்ல, விலைப் பட்டியலிலேயே இரண்டும் எழுதியிருக்கும்.

அடுத்தது பாந்தியன், பழைய ரோமானியர் கட்டிய குவிமாடக் கோயில். அது திறப்பது 9 மணிக்கு என்பதால் முதலில் அதைத் தாண்டி 350 மீட்டர் நடந்து நவோனா சதுக்கத்துக்குப் போய்விடுங்கள். அங்கே சிற்பி பெர்னினி 1651இல் முடித்த நான்கு நதிகள் நீரூற்றில் துடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவர் நம் கங்கை. டான்யூப், நைல், ரியோ தெ லா பிளாத்தா மற்ற மூன்று. நைல் நதியின் தலையில் துணி போர்த்தியிருக்கும்; அது எங்கே பிறக்கிறது என்று அன்றைக்கு ஐரோப்பியர்களுக்குத் தெரியாது. சதுக்கம் ஏன் இப்படி நீண்டு கிடக்கிறது என்று தோன்றும். டொமிஷியன் மன்னனின் ஓட்டப்பந்தய அரங்கு இருந்த இடம் அது. அரங்கின் வடிவம் அப்படியே தங்கிவிட்டது.

ஒன்பதுக்கு முன்பே பாந்தியன் வாசலுக்குத் திரும்பிவிடுங்கள். நுழைவுக் கட்டணம் உண்டு; 2023இல் அறிமுகமானபோது 5 யூரோ. இந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் அவசரப்படாமல் அரை மணி நேரம் கொடுங்கள். ரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்துக் கட்டடம், வயது சுமார் 1,900 ஆண்டு. கூரை முழுக்கக் கான்கிரீட். உள்ளே ஓர் இரும்புக் கம்பிகூட இல்லை. குவிமாடத்தின் குறுக்களவு 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சிக்கும் அதே 43.3. மேலே போகப்போக சுவரை மெலிதாக்கி, கனமான கல்லுக்குப் பதில் எரிமலை நுரைக்கல்லைக் கலந்திருக்கிறார்கள். அதனால்தான் இத்தனை காலம் நிற்கிறது. உச்சியில் திறந்த வட்டம் ஒன்று உண்டு. மழை பெய்தால் உள்ளேதான் விழும். தரையில் உள்ள சிறு துளைகள் வழியாக வடியும். மழை நாளானாலும் போங்கள், பார்க்க வேண்டிய காட்சி அது. இன்றும் வழிபாடு நடக்கும் தேவாலயம் என்பதால் தோள் மூடிய உடை நல்லது. வெளியே வந்ததும் பின்பக்கம் மினர்வா சதுக்கத்தில் முதுகில் தூணைச் சுமக்கும் கல் யானையைப் பாருங்கள்; அதுவும் பெர்னினி வடிவமைத்ததுதான்.

பிறகு தெற்கே முக்கால் கிலோமீட்டர் நடந்தால் வெனிசியா சதுக்கம். வெள்ளைப் பளிங்கு மாளிகையை வலப்புறமாகச் சுற்றினால் காம்பிதோலியோ குன்றுக்கு ஏறும் அகலமான சரிவுப் படிகள் வரும். மிக்கேலாஞ்சலோ வடிவமைத்தவை, படி உயரம் குறைவு என்பதால் பெரியவர்களும் ஏறலாம். மேலே போனதும் எதிரே நிற்கும் மாளிகையின் வலப்பக்கச் சந்தில் நுழையுங்கள். கண் முன்னே பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரம் முழுவதும் விரியும். சீட்டு வேண்டாம். மறுநாள் உள்ளே நடக்கும்போது எது எங்கே என்று குழம்பாமல் இருக்க இந்தப் பார்வை பெரிய உதவி.

கீழே இறங்கி ஃபோரி இம்பெரியாலி சாலையில் நேராக நடந்தால் கொலோசியம். அன்றைக்கு வெளியே நின்று பார்த்தால் போதும். எதிரிலேயே மெட்ரோ, பி தடத்தில் இரண்டாவது நிறுத்தம் தெர்மினி. இந்த வழி மொத்தம் 4 கிலோமீட்டர் சுமார். அங்கே இங்கே திரும்புவதையும் சேர்த்தால் 6 வரும். பன்னிரண்டு, ஒரு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம்.

மத்தியானம் தூங்குங்கள், ஆனால் ஒரு மணி நேரம்தான், மணி வைத்துக்கொண்டு. மூன்று மணி நேரம் தூங்கினால் இரவு இரண்டு மணிக்கு ஆறு பேரும் விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பீர்கள். மாலையில் வெயிலில் நடந்து, ஒன்பது மணி வரை தாக்குப்பிடித்துப் படுத்தால் உடம்பு இரண்டாம் நாளே பாதி பழகிவிடும்.

*கொலோசியம் சீட்டை அங்கேயே போய் வாங்க முடியாதா?*

நம்பிப் போகாதீர்கள். அதிகாரப்பூர்வ இணையத்தளத்தில் 30 நாளுக்கு முன் விற்பனை திறக்கும். நல்ல நேரங்கள் சீக்கிரம் தீரும். சாதாரணச் சீட்டு 18 யூரோ, ஃபோரமும் பலத்தீன் குன்றும் அதிலேயே அடக்கம். ஒவ்வொருவர் பெயரும் கடப்பிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் பெயர்களில் "A/L" (மகன்), "A/P" (மகள்) வருவதால் இங்கேதான் தவறு நேர்கிறது. கடப்பிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்து நிரப்புங்கள். பாதுகாப்புச் சோதனை இருப்பதால் குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பே போய்விடுங்கள். கொலோசியம் வாசலில் "வரிசை இல்லாமல் உள்ளே விடுகிறேன்" என்று வருபவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

*சைவமும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் என்ன சாப்பிடுவது? காரம் கிடைக்குமா?*

கிடைக்கும். "பென்னெ அல் அர்ராபியாத்தா" என்று கேளுங்கள். தக்காளி, பூண்டு, மிளகாய் போட்ட பாஸ்தா. நம் ஊர் கஃபேக்களில் அக்லியோ ஒலியோ என்கிறார்களே, அது அங்கே பூண்டு, எண்ணெய், மிளகாய் மட்டும்தான். இரண்டும் சைவம்.

ஏமாந்துபோகும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பூசணிப் பூ பஜ்ஜி மெனுவில் காய்கறிபோல் தெரியும். உள்ளே நெத்திலி வைத்திருப்பார்கள். சுப்ளி என்ற சோற்று உருண்டையில் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு உண்டு. கார்போனாரா, அமத்ரிச்சானா, க்ரீச்சா மூன்றிலும் பன்றிக் கன்னத்து இறைச்சி. "மான்ஸோ" மாட்டிறைச்சி, "வித்தெல்லோ" கன்றிறைச்சி, "ரகூ" என்றால் பெரும்பாலும் மாடு கலந்தது. சால்திம்போக்கா கேட்டால் வருவது கன்றிறைச்சியும் பன்றியும். "சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே" என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். இதைச் சைவ நண்பர் மனப்பாடம் செய்துகொள்ளட்டும். பெக்கொரீனோ பாலாடைக்கட்டியைக் கன்றுக்குட்டி, ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சாறு விட்டு உறைய வைப்பார்கள். சுத்த சைவம் பார்ப்பவர் "சென்ஸா ஃபொர்மாஜோ" என்று சொல்லி அதையும் விலக்கலாம்.

துண்டு பீட்சா கடையில் எடை போட்டு விற்பார்கள். எவ்வளவு வெட்ட வேண்டும் என்று கத்தியை வைத்துக் காட்டுவார்; கையால் சைகை காட்டினால் போதும். கருவேப்பிலையும் பச்சை மிளகாயும் வேண்டுமென்றால் தெர்மினியிலிருந்து நடக்கும் தூரத்தில் எஸ்குலீனோ சந்தை இருக்கிறது. இந்திய, வங்காளதேசக் கடைக்காரர்கள் நிறைய.

*தண்ணீர், கழிவறை, காலணி?*

தண்ணீர் வாங்கவே வேண்டாம். தெருவெங்கும் நாசோனி என்ற இரும்புக் குழாய்கள், இரண்டாயிரத்துக்கு மேல், இரவு பகலாக ஓடும். குடிக்க நல்லது. கீழ் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளையிலிருந்து பீறிட்டு வரும், குனியாமல் குடிக்கலாம். ஆளுக்கு ஒரு புட்டி போதும்.

பொதுக் கழிவறை குறைவு. காப்பி குடிக்கும் கடையில், போகத் தோன்றாவிட்டாலும் போய்விட்டுக் கிளம்புங்கள்.

சிலிப்பர் வேண்டாம். தெருக்களில் பதித்திருப்பது சாம்பியெத்ரீனி என்ற கருங்கல் கட்டிகள். இடைவெளியில் குதிகால் மாட்டும், மழையில் வழுக்கும். கெட்டியான அடித்தட்டுள்ள காலணியை இங்கேயே இரண்டு வாரம் போட்டுப் பழகுங்கள். புதுசாக வாங்கி விமானத்தில் போட்டுக்கொண்டு போனால் முதல் நாளே கொப்புளம்.

*ஒரே வங்கி அட்டையைத் தட்டி ஆறு பேரும் மெட்ரோவில் போகலாமா?*

முடியாது. ஆளுக்கு ஒரு அட்டை அல்லது கைத்தொலைபேசி வேண்டும். இல்லையென்றால் 1.50 யூரோ தாள் சீட்டு வாங்குங்கள். பஸ்ஸில் ஏறினால் தாள் சீட்டை இயந்திரத்தில் பதிப்பது கட்டாயம். பதிக்காத சீட்டு, சீட்டு இல்லாததற்குச் சமம். ஏ தட மெட்ரோவிலும் 64ஆம் எண் பஸ்ஸிலும் பிக்பாக்கெட் அதிகம். கதவு மூடும் நேரத்தில்தான் கை நீளும். பையை முன்னால் மாட்டுங்கள். கையில் கயிறு கட்ட வருபவரிடம் கையை நீட்டாதீர்கள். கட்டிய பிறகு காசு கேட்பார்.

*விசா? மின்செருகி?*

மலேசியக் கடப்பிதழுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா தேவையில்லை. ஐரோப்பாவை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் கடப்பிதழ் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். எல்லையில் கைரேகையும் படமும் எடுப்பார்கள், அதற்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இங்கே போலவே 230 வோல்ட். நம் மூன்று தட்டை முனைச் செருகி அங்கே பொருந்தாது. உருண்டை முனைக்கு மாற்றும் அடாப்டர் மட்டும் போதும். ஆறு பேருக்கு ஆறு வேண்டாம்: இரண்டு அடாப்டர், ஒரு நீட்டிப்பு வயர்.